அம்மம்மாவின் சீ.ஆர். கொப்பிகள்



சென்ற மாதம் எங்கள் அம்மம்மா இங்கே சுகர் லேண்டில் காலமானார். அவருக்கு வயது 88. அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த கையோடு நிலையத்தார் என்னை அழைத்து, இந்த மாத உரையில் அவரைப் பற்றிப் பேச முடியுமா என்று கேட்டார்கள். உங்களில் பலர் அவரை அறிவீர்கள். சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும் இடத்தில், காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் கொடுத்த அந்த மெலிந்த அம்மா அவர்தான். பிள்ளைகள் அவரை "லைப்ரரி ரீச்சர்" என்றே கூப்பிடுவார்கள். பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

அவர் பிரபலமானவர் அல்லர். பத்திரிகையில் அவர் பெயர் வந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் முப்பது வருடத்துக்கு மேலாக நூலகப் பொறுப்பாசிரியராக இருந்தவர், அவ்வளவுதான். ஆனால் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் இப்படி ஒரு அம்மம்மாவோ அப்பம்மாவோ இல்லாத வீடு குறைவு. ஆகவே இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்ற எண்ணத்தில் பேசுகிறேன்.

அம்மம்மா 1936ஆம் ஆண்டு பிறந்தவர். "யாழ்ப்பாண நூலகத்துக்கும் எனக்கும் ரெண்டு வயசுதான் வித்தியாசம்" என்று சொல்லுவார். 1933இல் க. மு. செல்லப்பா என்ற யாழ்ப்பாணத்து அன்பர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1934இல், ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சிறிய வாடகை அறையில் அதை வாசிகசாலையாக்கினார்கள். ஒரு மனிதரின் வீட்டு அலுமாரியில் தொடங்கியதுதான் பின்னாளில் உலகம் அறிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம்.

1959இல் அந்த நூலகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது அம்மம்மா 23 வயது இளம் ஆசிரியை. அந்தக் கட்டடத்தின் அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1931இல் அவர் எழுதிய நூலக விதிகள் ஐந்தும் இன்றைக்கும் உலகம் முழுவதும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடம். நூல் என்பது பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் சாரம். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது இன்னொன்று.

அம்மம்மா அந்த விதிகளை ஒரு பள்ளிக்கூட அறைக்குள் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் பல பாடசாலைகளில் நூலகம் என்றால் பூட்டிய கண்ணாடி அலுமாரி, சாவி அதிபரிடம். அம்மம்மா முதலில் கேட்டு வாங்கியது அந்தச் சாவியைத்தான். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேண்டிய பழைய வினாத்தாள்களைக் கதவுக்குப் பக்கத்திலேயே வைப்பார். இடைவேளை இருபது நிமிடம்தான், அதில் பிள்ளை அறை முழுக்கத் தேடி அலையக் கூடாது. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்கள் கீழ்த்தட்டில், எட்டும் உயரத்தில் இருக்கும். அபராதம் வாங்குவதில்லை. புத்தகத்தைத் திருப்பித் தராத பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்கே போவார். போனால் அநேகமாக இன்னொரு காரியமும் நடக்கும். அந்த வீட்டில் தாயோ அக்காவோ படிக்க ஆசைப்பட்டால் அவர்களுக்கும் ஒரு புத்தகம் அனுப்பிவிடுவார்.

புத்தகங்களைப் பேணுவதில் அவருக்கு இருந்த கைப்பழக்கம் தனியானது. கோதுமை மாவில் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் துரிசு கலப்பார். தட்டுகளில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் வைப்பார். கறையான் நிலத்திலிருந்து சுவர் வழியாக வருவதால் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்க விடமாட்டார், நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். மாரி காலம் முடிந்ததும் புத்தகங்களைக் காற்றாட விரித்து வைக்க ஒரு நாள். அன்று பெட்டையள் எல்லோருக்கும் கொண்டாட்டம்.

அவருக்கு ஒரு சின்னக் கோபமும் இருந்தது. புத்தகங்களை வகைப்படுத்த அவர் பயன்படுத்தியது அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசம வகுப்பு முறை. அதில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை பத்து எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாயிரம் வருடத் தமிழ் இலக்கியம் முழுவதற்கும் கிடைத்தது 894.811. "எங்களைப் புள்ளிக்குப் பின்னால கொண்டுபோய் வைச்சிருக்கிறான்" என்பார். தன் நூலகத்தில் அந்த எண்ணை மாற்றவில்லை. ஆனால் அந்தத் தட்டை மட்டும் வாசலுக்கு நேரே, உள்ளே வருபவரின் கண்ணில் முதலில் படும் இடத்தில் வைத்தார்.

நேயர்களே, 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவும் ஜூன் 1ஆம் திகதியும் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 97,000க்கும் மேற்பட்ட நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் பொது நூலகம் எரிக்கப்பட்டது. அதைப் பார்த்த அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர் நீத்தார். அம்மம்மா சில நாள் கழித்துத்தான் அங்கே போகக் கூடியதாக இருந்தது. திரும்பி வந்தவர் அழவில்லை என்று என் அம்மா சொல்லுவார். இரவுச் சாப்பாட்டின்போது ஒன்று சொன்னாராம்: "புத்தகம் மட்டும் எரியேல்லைப் பிள்ளை. என்னென்ன புத்தகம் இருந்ததெண்டு சொல்லுற அட்டைப் பெட்டியளும் எரிஞ்சு போச்சுது. இனி எதை இழந்தனாங்கள் எண்டு முழுசாச் சொல்ல ஆளில்லை."

அடுத்த வாரமே கடையில் பெரிய சீ.ஆர். கொப்பிகள் வாங்கி வந்தார். தன் பாடசாலை நூலகத்தின் சேர்விலக்கப் பதிவேட்டை ஒவ்வொரு மாலையும் வீட்டில் இருந்து பிரதி எடுக்கத் தொடங்கினார். இலக்கம், தலைப்பு, ஆசிரியர், பதிப்பித்த இடம், ஆண்டு, அன்பளிப்பு என்றால் கொடுத்தவர் பெயர். மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகள். முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதன் பிறகு புதிய புத்தகம் ஒன்று வந்தால் பாடசாலைப் பதிவேட்டில் ஒரு வரி, வீட்டுக் கொப்பியில் ஒரு வரி. மொத்தம் ஏழு கொப்பிகள். ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் எங்கள் வீட்டில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "புத்தகம் கிழிஞ்சா ஒட்டலாம். அது இருந்ததெண்டே தெரியாட்டி என்னத்தை ஒட்டுறது?"

நான் அந்த நூலகத்தில் வாசிக்கத் தொடங்கியது தொண்ணூறுகளில். 1990இல் மீண்டும் போர் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றறி, சவர்க்காரம், அச்சுத்தாள் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் பலருக்கு இது நேற்று நடந்தது போல இருக்கும். அம்மம்மா பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தை வெட்டித் திகதிச் சீட்டுகள் செய்தார். புத்தகங்கள் விளக்குக் கரியோடு திரும்பி வந்தன. அதற்காக எவரையும் ஏசவில்லை. கரி பிடித்திருந்தால் யாரோ இரவிலும் வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம் என்பார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. எனக்கு அப்போது 12 வயது. மழை. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் தாண்ட ஒரு இரவு முழுவதும் எடுத்தது. எல்லோரும் அரிசி, உடுப்பு, அடையாள அட்டை, தோட்டு உறுதி என்று எடுத்தார்கள். அம்மம்மாவும் அவற்றை எடுத்தார். கூடவே ஏழு கொப்பிகளையும் பொலித்தீனில் சுற்றி, உரப்பைக்குள் இரண்டு சேலைக்கு நடுவில் வைத்துத் தலையில் சுமந்தார். இடையில் அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. "பிள்ளையளைத் தூக்கவே கையில்லை, உதை இறக்கி வையுங்கோ" என்றார். அம்மம்மா எதிர்வார்த்தை பேசவில்லை. தன் பங்கு அரிசியில் பாதியை வழியில் நின்ற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துச் சுமையைக் குறைத்துக்கொண்டு நடந்தார்.

கொடிகாமம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்களாக இருந்தோம். இரண்டு வாரம் கழித்து அம்மம்மா ஒவ்வொரு அறையாகப் போய், யாரிடம் என்ன புத்தகம் இருக்கிறது என்று விசாரித்தார். அவ்வளவு அவசரத்திலும் சனங்கள் புத்தகம் தூக்கி வந்திருந்தார்கள்! ஒருவரிடம் கந்தபுராணம், இன்னொருவரிடம் சிறுகதைத் தொகுப்பு, ஒரு உயர்தர மாணவியிடம் இரசாயனவியல். ஏழாவது கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எல்லாவற்றையும் பதிந்து, அறைக்கு அறை இரவல் சுற்ற விட்டார். அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது. எதிரே வாங்கியவர் பெயரும் திருப்பித் தந்த திகதியும் இருக்கின்றன.

1996இல் ஊர் திரும்பினோம். பாடசாலை நூலகத்தின் கூரை பாதி இல்லை. அலுமாரிகள் சில விறகாகியிருந்தன. மிஞ்சியவற்றைக் கறையானும் மழையும் பங்கு போட்டிருந்தன. அம்மம்மாவுக்கு அந்த வருடம் 60 வயது, ஓய்வு பெற வேண்டிய வயது. ஓய்வு பெற்றார். ஆனால் மேலும் இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் அங்கே போய் வந்தார். கொப்பியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சரி பார்த்தார். இருப்பதற்கு ஒரு கோடு. இல்லாததற்குக் காரணம் எழுதுவார்: நனைந்தது, கறையான், காணவில்லை. எரிந்தது என்று கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டார். "எரிஞ்சதெண்டு எழுதினா நாளைக்கு ஒருத்தரும் தேடமாட்டினம். காணேல்லையெண்டு எழுதினா ஆரும் ஒருநாள் கொண்டுவந்து தரக்கூடும்." அப்படி உண்மையிலேயே பல புத்தகங்கள் திரும்பி வந்தன. பட்டியலைப் பார்த்துத்தான் பாடசாலை எவற்றை மீண்டும் வாங்க வேண்டும் என்று தீர்மானித்தது.

நானும் அம்மாவும் 1999இல் இங்கே வந்தோம். அம்மம்மா 2005இல் வந்து சேர்ந்தார். இங்கே இருந்த பழைய சீனி ஆலை 2003இலேயே மூடப்பட்டிருந்தது. "கூப்பன் சீனிக்குச் சங்கக்கடை வரிசையில நிண்ட என்னைக் கடைசியில சீனியூருக்குக் கொண்டுவந்திட்டியள், அதுவும் ஆலை பூட்டின பிறகு" என்று சிரிப்பார். வந்த முதல் கிழமையே மாவட்ட நூலகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே நேராகப் போனது 894.811க்கு. தமிழ்ப் புத்தகம் இல்லை. சங்கப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று மட்டும் இருந்தது. அதை எடுத்துப் பார்த்து, "தனியா நிக்குது, பாவம்" என்றார். அதற்குப் பிறகுதான் காரின் பின்பெட்டி நூலகம் தொடங்கியது. ரொறன்ரோவிலும் சென்னையிலும் இருந்த உறவினரிடம் சொல்லிச் சொல்லி வரவழைத்த சிறுவர் புத்தகங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் கொடுப்பார். "முதல்ல வீட்டை கொண்டு போகட்டும். தாயோ தேப்பனோ வாசிச்சுக் காட்டத்தானே வேணும்" என்பது அவர் கணக்கு. பிள்ளைக்குக் கொடுத்து, பெற்றோரை வாசிக்க வைத்தார்.

2017 ஓகஸ்ட் மாதம் ஹார்வி புயல் வந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிராசோஸ் ஆறு பெருகி, ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தில் பல இடங்களில் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. எங்களுக்கும் வந்தது. நாங்கள் எதை எடுப்பது என்று தெரியாமல் மாடிக்கும் கீழுக்கும் ஓடினோம். 81 வயதான அம்மம்மா பத்து நிமிடத்தில் கையில் ஒரு பையோடு வாசலில் நின்றார். உள்ளே எங்கள் எல்லோருடைய கடவுச்சீட்டும் பத்திரங்களும், அவருடைய மருந்து, ஒரு சோடி உடுப்பு, பொலித்தீனில் சுற்றிய ஏழு கொப்பிகள். என் பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாக அந்தக் கொப்பிகள் என்னவென்று கேட்டார்கள். டாலஸ் போகும் வழியில், கார்கள் ஊர்ந்து கொண்டிருந்த நெடுஞ்சாலையில், 1995ஆம் ஆண்டுக் கதையை அவர் அவர்களுக்குச் சொன்னார்.

அடுத்த வருடம், 2018 பெப்ரவரியில், இதே சுகர் லேண்டில் பள்ளி மாவட்டம் ஒரு புதிய தொழிற்கல்விக் கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. மொத்தம் 95 பேர். அடிமை முறை ஒழிந்த பின்னும், சிறைக் கைதிகள் என்ற பெயரில் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டு, வேலை செய்தே இறந்துபோன கறுப்பின மக்கள் அவர்கள் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அங்கே புதைகுழிகள் இருக்கும் என்று ரெஜினால்ட் மூர் என்பவர் பல வருடங்களாகச் சொல்லி வந்திருந்தார், 2020இல் காலமாகும் வரை அவர்களுக்காகப் பேசினார். அம்மம்மா இந்தச் செய்தியை எங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அவையின்ர பேர் தெரியுமோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சிறைச்சாலையின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பெயர்களைத் தேடுகிறார்கள் என்று சொன்னோம். "பாத்தியே, ஆரோ ஒருத்தன் அண்டைக்கு எழுதி வைச்சதுதான் இண்டைக்கு உதவுது. நல்லெண்ணத்தில எழுதியிருக்கமாட்டான், எண்டாலும் எழுதினபடியால்தானே தேடலாம்" என்றார். அதற்குப் பிறகு சுகர் லேண்டை அவர் சீனியூர் என்று பகிடியாகச் சொன்னதை நான் கேட்கவில்லை.

2023இல் ஹூஸ்ரன் பள்ளி மாவட்டத்தை மாநில அரசு பொறுப்பேற்ற பின், பல பள்ளிகளில் நூலகர் பதவி எடுக்கப்பட்டது. சில பள்ளிகளில் நூலக அறைகள் வேறு தேவைகளுக்கு மாற்றப்பட்டன. சோதனைப் புள்ளிகளை உயர்த்துவதற்குத்தான் பணம் வேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். அதில் இரு தரப்பு வாதம் உண்டு, நான் அதற்குள் போகவில்லை. அம்மம்மா மட்டும் ஒன்று கேட்டார்: "புத்தகம் இருக்கும், ஆள் இல்லையெண்டால், எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்குமெண்டு ஆர் பாக்கிறது?" உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நூலகர் இருக்கிறாரா, அவர் பெயர் என்ன என்பதை இந்த வாரம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் கூட்டங்களில் நாங்கள் கணிதத்தையும் அறிவியலையும் பற்றிக் கேட்கிறோம். நூலகத்தைப் பற்றியும் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

இனி அந்தக் கொப்பிகளின் கதி. எங்கள் வழக்கப்படி அந்தியேட்டி நாளில் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், வெளியிட வேண்டும். தேவாரம், திருவாசகம், வம்சாவளி, இரங்கல் உரைகள் எல்லாம் வழமை போலப் போட்டோம். அவற்றோடு அம்மம்மாவின் முதல் கொப்பியில் இருந்து இருநூறு தலைப்புகளையும் அச்சிட்டோம். வந்தவர்களில் ஒரு வயதான ஐயா அந்தப் பட்டியலில் தன் தந்தையார் பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்த புத்தகத்தைக் கண்டு, பெயரின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

ஏழு கொப்பிகளையும் இப்போது ஸ்கேன் செய்து முடித்துவிட்டோம். என் மகளும் மகனும் தலைப்புகளைக் கணினியில் தட்டெழுதுகிறார்கள். 2005இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இன்று ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்று பல்லாயிரக்கணக்கான ஆவணங்களை எவரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறது. பிரித்தானியாவில் வாழும் நூலகர் என். செல்வராஜா 2002 முதல் நூல்தேட்டம் என்ற பெயரில், தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக, ஈழத்தவரின் தமிழ் நூல்களுக்கு விபரப் பட்டியல் தயாரித்து வருகிறார். இவற்றோடு அம்மம்மாவின் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பெரும்பாலான நூல்கள் அங்கே கிடைக்கின்றன. சில தலைப்புகள் இதுவரை எங்கும் அகப்படவில்லை: ஊர் அச்சகங்களில் வந்த சிறு பிரசுரங்கள், பாடசாலை மலர்கள், ஒரு ஆசிரியை எழுதிய சிறுவர் பாட்டுப் புத்தகம். அவற்றுக்கு எதிரே "காணவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறோம்.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். அந்தப் பாட்டுப் புத்தகம் உங்கள் வீட்டுச் சூட்கேசுக்குள் இருக்கலாம். ஊரில் இருந்து வந்தபோது கொண்டு வந்த பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், பழைய கல்வெட்டு, கடிதம், புகைப்படம் எதுவானாலும் எறிந்துவிட வேண்டாம். காரேஜிலோ அட்டிக்கிலோ வைக்கவும் வேண்டாம். ஹூஸ்ரனின் வெக்கையும் ஈரப்பதனும் யாழ்ப்பாணத்துக் கறையானுக்குக் குறைந்தவை அல்ல. வீட்டுக்குள், ஏசி ஓடும் அறையில், நிலத்தில் இருந்து உயரத்தில் வையுங்கள். கிழிந்த பக்கத்துக்கு செலோரேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகித் தாளையே தின்றுவிடும். புகைப்படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். குறைந்தது 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து ஒன்றுக்கு இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். படித்த பள்ளிக்கூடம், படிப்பித்த ரீச்சர், இடம்பெயர்ந்த பாதை, தங்கிய இடங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்தாலும் போதும். பிள்ளைகள் கேட்டால் அவர்கள் இன்னும் அதிகம் சொல்லுவார்கள். ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, பேரப் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி விடுங்கள்.

அடுத்த மாதம் முதலாம் சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்த பிறகு, ஸ்கேனரோடு நானும் பிள்ளைகளும் அங்கே இருப்போம். உங்களிடம் உள்ளதைக் கொண்டு வாருங்கள். ஸ்கேன் செய்து அப்போதே திருப்பித் தருவோம். காரின் பின்பெட்டியில் அம்மம்மாவின் புத்தகங்களும் வழமை போல இருக்கும். எடுத்துப் போகிறவர்கள் சீட்டில் பெயர் எழுத வேண்டும், அந்த ஒழுங்கு மட்டும் மாறாது.